ஆட்டத்தின் நடுவே அணையும் கணினி: ஒரு கேள்வி, ஐந்து விடைகள்

உதிரி பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்த கேமிங் கணினி ஒன்று ஆட்டத்தின் நடுவே அடிக்கடி நின்றுபோகிறது. குற்றம் எங்கே? தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு பழுதுபார்க்கும் கடையில் இதைக் கேட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒரு பதில் வரும். 'ஃபார்மட் போட்டுடலாம்' என்பது ஒன்று. 'ரேமைக் கழட்டித் துடைச்சுப் போட்டாப் போதும்' என்பது இன்னொன்று. 'எஸ்எம்பிஎஸ் போயிருக்கும், மாத்திடுங்க' என்று மின்வழங்கிப் பெட்டியைக் குறை சொல்வது மூன்றாவது. சித்திரை, வைகாசியாக இருந்தால் 'சூடு' என்ற நான்காவது பதிலும் சேர்ந்துகொள்ளும்.

இவற்றைக் கடைவீதி ஊகங்கள் என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நாற்பது, ஐம்பது ஆண்டுக்கால ஆய்வும் வாதமும் இருக்கின்றன. மென்பொருள், நினைவகம், மின்சாரம், சூழல் என நான்கு தரப்புகள். பாகங்களை அவற்றின் எல்லைக்கு மிக அருகில் ஓட்டுவதே கோளாறு என்பது ஐந்தாவது தரப்பு. இந்த விடைகளில் பெரும்பாலானவை குளிரூட்டிய தரவு மையங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் பிறந்தவை. அறுவடைத் தூசியும் ஐப்பசி ஈரமும் பம்புசெட் ஓடும் நேரத்து லோ வோல்டேஜும் சேர்ந்திருக்கும் காவிரி டெல்டா வீட்டில் அவை எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

தொடக்கத்திலேயே ஒரு பாகுபாடு தேவை. 'நிற்கிறது' என்று பொதுவாகச் சொல்லப்படுவது குறைந்தது ஐந்து வகை: ஆட்டம் மட்டும் மூடிக்கொண்டு விண்டோஸ் தொடர்ந்து ஓடுவது; குறியெண்ணுடன் நீலத்திரை வருவது; விசிறி சுழன்றுகொண்டிருக்கத் திரை மட்டும் கறுப்பது; படம் உறைந்து ஒலி ஒரே இடத்தில் இரைவது; கணினி முழுவதும் நொடியில் அணைவது அல்லது தானே மறுபடி தொடங்குவது. ஐந்து தரப்பினரும் பல நேரங்களில் வெவ்வேறு வகைகளை மனத்தில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கிடையிலான கருத்து மாறுபாட்டில் ஒரு பகுதி இதனால் வந்தது.

மென்பொருளைச் சுட்டும் தரப்பு

டாண்டம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் கிரே, கணினிகள் ஏன் நிற்கின்றன என்பதைப் பற்றி 1985இல் எழுதிய அறிக்கை இத்துறையின் அடிப்படை ஆவணங்களில் ஒன்று. அவர் தொகுத்த கணக்கில் நிர்வாகத் தவறுகள் 42 விழுக்காடு, மென்பொருள் 25, வன்பொருள் 18, மின்சாரம் உள்ளிட்ட சூழல் 14. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தலைகாட்டும் பிழை, தேடும்போது மறைந்துவிடும் பிழை என்று அவர் செய்த பாகுபாடும் இன்றுவரை பயன்படுகிறது. இக்கணக்கைக் கொண்டு வன்பொருளின் பங்கு சிறியது என்ற முடிவுக்கு வருவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். டாண்டம் கணினிகளில் ஒவ்வொரு முக்கிய பாகத்துக்கும் மாற்று ஒன்று உடன் ஓடிக்கொண்டிருந்தது. வன்பொருள் பழுது வெளியே தெரியாதபடி கட்டப்பட்ட கணினி அது. ஒரே எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி ஓடும் வீட்டுக் கணினிக்கு அந்த விகிதங்களை அப்படியே பொருத்த முடியாது.

வீட்டுக் கணினிக்கு நெருக்கமான சான்று விண்டோஸ் விஸ்டா காலத்தில் கிடைத்தது. அமெரிக்க வழக்கொன்றில் 2008இல் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் உள் ஆவணங்களின்படி, பதிவான விஸ்டா முடக்கங்களில் 28.8 விழுக்காடு என்விடியா டிரைவர்களின் பெயரில் இருந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பு ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. மென்பொருள் தரப்பின் வலிமையை இவை காட்டுகின்றன.

ஆனால் அறிக்கையில் இருக்கும் பெயர், முடக்கம் வெளிப்பட்ட இடத்தின் பெயர். அது தொடங்கிய இடம் வேறாக இருக்கலாம். விஸ்டா முதல் விண்டோஸ், கிராஃபிக்ஸ் கார்டின் பதிலுக்கு வழக்கமாக 2 விநாடி காத்திருந்து, வராவிட்டால் டிரைவரை மீண்டும் தொடக்குகிறது. மின்சாரம் குறைந்ததாலோ நினைவகம் சூடேறியதாலோ கார்டு பதில் தராமல் போனாலும் பழி டிரைவர் மேல்தான் விழும். ஃபார்மட் என்ற மருந்தின் சிக்கலும் இதுவே. அது டிரைவரை மாற்றுகிறது, விண்டோஸைப் புதுப்பிக்கிறது, வேகம் கூட்டும் துணைநிரல்களை நீக்குகிறது. பலன் கிடைத்தாலும் எதனால் கிடைத்தது என்று தெரியாது. இங்கே ஓரளவு நம்பத்தக்க அளவுகோல் ஒன்று உண்டு. மென்பொருள் பிழை பொதுவாக ஒரே நேரத்தில் பலரைத் தாக்கும். அதே ஆட்டமும் அதே டிரைவரும் மற்றவர்களிடம் ஒழுங்காக ஓட, ஒரு கணினி மட்டும் நின்றால் சந்தேகம் வன்பொருளின் பக்கம் சாய்வது நியாயம்.

நினைவகத்தைச் சுட்டும் தரப்பு

இன்டெல்லின் திமோதி மே, முர்ரே வுட்ஸ் இருவரும் 1978இல் ஒரு புதிருக்கு விடை சொன்னார்கள். சிப்பைச் சுற்றியிருந்த பீங்கான் உறையில் கலந்திருந்த கதிரியக்கப் பொருள்களின் ஆல்ஃபா துகள்களே நினைவகத்தின் பிட்டுகளைப் புரட்டின. அடுத்த ஆண்டு ஜீக்லரும் லான்ஃபோர்டும் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களுக்கும் இதே ஆற்றல் உண்டு என்று கணக்கிட்டுக் காட்டினர். நினைவகப் பிழை தற்செயலானது, வந்து போவது, பாகத்தில் பழுதில்லை என்ற எண்ணம் இதிலிருந்து வேரூன்றியது.

மூன்று பத்தாண்டுகள் கழித்து அது ஆட்டம் கண்டது. டொரோன்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர், கூகுளின் ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ரேம் பட்டைகளில் பிழை கண்டறியப்பட்டது. அவற்றில் பெரும்பகுதி கதிர்களால் வந்த தற்காலிகப் பிழைகள் என்பதைவிடப் பாகத்திலேயே நிலைத்த பழுதுகள் என்றே ஆய்வாளர்கள் கருதினர். வெப்பநிலையின் தாக்கம் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது. அந்த சர்வர்களில் பிழையைக் கண்டு திருத்தும் ரேம் இருந்ததால்தான் இவ்வளவும் கணக்கில் வந்தன. வீட்டுக் கேமிங் கணினிகளில் அந்த வகை ரேம் அரிது. டிடிஆர்5 சிப்புக்குள் நடக்கும் திருத்தம், சிப்புக்கும் பிராசசருக்கும் இடையிலான வழியில் நேரும் பிழையைத் திருத்தாது. ஒரு பிட் புரண்டால் அது யாருக்கும் தெரியாமல் கடந்துபோகலாம். அரை மணி நேரம் கழித்துத் தொடர்பே இல்லாத ஒரு குறியெண்ணாக வெளிவரலாம்.

கடைகளில் ரேமைக் கழற்றி, பொன்பூச்சு முனைகளை அழிரப்பரால் தேய்த்து மீண்டும் செருகுவது தமிழ்நாடெங்கும் உள்ள பழக்கம். பல நேரங்களில் அது பலிக்கவும் செய்கிறது. காரணம் விளங்காதது இல்லை. ஈரமும் நுண்ணிய அதிர்வும் வெப்ப ஏற்ற இறக்கமும் உள்ள இடத்தில் தொடுமுனைகளில் மெல்லிய படலம் படியும். கழற்றிச் செருகும்போது முனைகள் உரசி அதைத் துடைத்துவிடும். ஆகவே பலனில் பெரும்பங்கு செருகுதலுக்கே சேரலாம். ரப்பரோ மிக மெல்லிய பொன்பூச்சைத் தேய்த்துத் துகளையும் விட்டுச் செல்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி பாதுகாப்பானது. தீர்ந்த கோளாறு சில வாரங்களில் திரும்பினால், ரேமைவிட மதர்போர்டின் செருகுதுளையையோ அறையின் ஈரத்தையோ சந்தேகிக்க இடமுண்டு.

இத்தரப்பின் பலவீனம் சோதனையில் இருக்கிறது. கிறிஸ் பிரேடி 1994இல் தொடங்கிய மெம்டெஸ்ட் வகை நிரல்கள் பிழை காட்டினால் ரேமோ அதன் வேக அமைப்போ குற்றவாளி என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். காட்டாவிட்டால் ரேம் நிரபராதி என்று சொல்ல முடியாது. அச்சோதனை ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு ஓய்வில் இருக்கிறது. ஆட்டத்தின்போது பெட்டிக்குள் நிலவும் சூடும் மின்சுமையும் அங்கே இல்லை.

எல்லைக்கு அருகில் ஓட்டுவதைச் சுட்டும் தரப்பு

மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2005இல் ஒரு வியப்பைப் பதிவு செய்தார். விளங்காத முடக்க அறிக்கைகள் பலவற்றின் பின்னால் ஓவர்கிளாக் செய்த பிராசசர்கள் இருந்தன. உரிமையாளர்களில் சிலருக்கு அது தெரியவே தெரியாது, கடைக்காரரே அப்படி அமைத்து விற்றிருந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து அதே நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த நைட்டிங்கேல், டவுசர், ஆர்கோவன் மூவரும் ஏறத்தாழ பத்து லட்சம் வீட்டுக் கணினிகளின் முடக்க அறிக்கைகளை ஆராய்ந்து இதற்கு எண்ணிக்கை தந்தனர். எட்டு மாதத்தில் போதிய நேரம் ஓடிய கணினிகளில் 190க்கு ஒன்று பிராசசர் தொடர்பான பழுதால் நின்றது. ஒருமுறை நின்றதில் மீண்டும் நிற்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்றாக உயர்ந்தது. ஓவர்கிளாக் செய்தவை பல மடங்கு அதிகமாக நின்றன. பெரிய நிறுவனத் தயாரிப்புகளைவிட அசெம்பிள் செய்தவை சற்று அதிகமாகத் தடுமாறின.

இந்த ஆய்வு இத்தரப்பின் வலுவான தூண். ஆனாலும் அறிக்கை அனுப்ப முடிந்த முடக்கங்களை மட்டுமே அது கண்டது. நொடியில் மின்சாரம் அற்று அணைந்த கணினி எந்தக் கோப்பையும் விட்டுச் செல்வதில்லை. வீட்டின் மின்னழுத்தமும் அறையின் வெப்பமும் அந்தத் தரவில் இல்லை.

இன்று ஓவர்கிளாக் என்று உணராமலே பலர் அதைச் செய்கிறார்கள். ரேம் பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் பெற பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்க வேண்டும். முன்னதை இன்டெல் 2007இலும் பின்னதை ஏஎம்டி 2022இலும் கொண்டுவந்தன. இரண்டுமே பிராசசரின் அடிப்படை உத்தரவாத வேகத்தைத் தாண்டுபவை. எக்ஸ்போ இயங்கிய சில ரைசன் 7000 வரிசைப் பிராசசர்கள் கருகியதை அடுத்து, 2023இல் ஏஎம்டி ஒரு மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்தது.

எதையும் மாற்றாதவர்களையும் இச்சிக்கல் விட்டுவைக்கவில்லை. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசசர்களில் சில, கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற செய்தியுடன் ஆட்டங்களை மூடின. பலர் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றிப் பார்த்தார்கள். பிராசசருக்குள் இருந்த மைக்ரோகோடு தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டதாலேயே சிப் தேய்ந்தது என்று 2024 ஜூலையில் நிறுவனம் ஒப்புக்கொண்டது; ஆகஸ்டில் திருத்தம் வந்தது; உத்தரவாதம் இரண்டாண்டு நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே தேய்ந்த சிப்பைத் திருத்தம் மீட்காது. செய்தி ஒரு பாகத்தைச் சொல்ல, குற்றம் வேறொன்றில் இருந்ததற்கு அண்மைக் காலத்தின் தெளிவான சான்று இது.

மின்சாரத்தைச் சுட்டும் தரப்பு

மின்சாரத்தைக் குறை சொல்பவர்களில் இரு பிரிவு உண்டு. சுவருக்கு வெளியே பார்ப்பவர்கள் ஒரு சாரார்; பெட்டிக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்ப்பவர்கள் மறு சாரார்.

வெளியே பார்ப்பவர்களுக்கு 1970களில் அமெரிக்கக் கணினி உற்பத்தியாளர்கள் வரைந்த வளைகோடு அடிப்படை. எவ்வளவு நேரம், எவ்வளவு சரிவைக் கணினி தாங்க வேண்டும் என்பதை அது வரையறுத்தது. 2000இல் திருத்தப்பட்ட வடிவத்தின்படி 20 மில்லிவிநாடி முழுத் தடையைக் கருவி தாங்க வேண்டும். ஏடிஎக்ஸ் வடிவமைப்பு வழிகாட்டி எஸ்எம்பிஎஸ்ஸிடம் எதிர்பார்ப்பது ஏறத்தாழ 16, 17 மில்லிவிநாடி. இந்தியாவின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு முழுச் சுற்றுக்கே 20 மில்லிவிநாடி ஆகும். விளக்கு மினுங்குவதற்குள் கணினி அணைய இது போதும்.

டெல்டாவில் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2008 முதல் 2013 வரையிலான மின்பற்றாக்குறைக் காலத்தில் சென்னைக்கு வெளியே பல மணி நேர மின்வெட்டு அன்றாடமாக இருந்தது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது அப்போதுதான். மின்வெட்டு குறைந்த பிறகும் இன்வெர்ட்டர் இருக்கிறது. கணினியும் அதன் வழியே ஓடுகிறது. மின்விசிறிக்கும் விளக்குக்குமான நிலையில் வைத்த இன்வெர்ட்டர் மின்சாரத்தை மாற்றித் தர எடுக்கும் நேரம் எஸ்எம்பிஎஸ்ஸின் தாங்கும் நேரத்தைத் தாண்டக்கூடும். அதை யூபிஎஸ் நிலைக்கு மாற்றுவதே சிலருக்குத் தீர்வாக அமையும். தனி யூபிஎஸ் வைத்திருப்போரிடம் வேறொரு கணக்குப் பிழை. பரவலாக விற்கும் 600 விஏ யூபிஎஸ் ஏறத்தாழ 360 வாட் சுமைக்கானது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டுள்ள கணினி ஆட்டத்தின்போது அதை எளிதில் தாண்டும். ஓய்வில் இருக்கையில் மின்வெட்டைத் தாங்கும் அதே யூபிஎஸ், ஆட்டத்தின் நடுவே சுமை தாங்காமல் அணைந்துவிடும்.

லோ வோல்டேஜைப் பற்றிய பொதுக்கருத்தைக் கவனமாகப் பிரிக்க வேண்டும். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் வீட்டு இணைப்பில் 6 விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது என்றன. குறுவைப் பருவத்தில் பம்புசெட்டுகளும் வீடுகளும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரைப் பகிரும் ஊர்களில், கம்பியின் கடைக்கோடி வீட்டுக்கு அந்த எல்லை பல மாலைகளில் எட்டாது. ஆயினும் இன்றைய தரமான எஸ்எம்பிஎஸ்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை. 170 வோல்ட்டில் அவை கூடுதல் கரண்ட் இழுத்துச் சற்று சூடாகி ஓடும். உடனே நிற்க வேண்டியதில்லை. 200 வோல்ட்டுக்கு மேல் மட்டுமே ஏற்கும் மலிவு வகைகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே நிலையான குறைவைவிடத் திடீர்ச் சரிவும், பழைய ஸ்டெபிலைசர்களின் ரிலே மாறும் கணமும், நியூட்ரல் அறுந்து மின்னழுத்தம் எகிறுவதுமே கூடுதல் ஆபத்து. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சேதப்படுத்தியது. டெல்டாவின் பல ஊர்கள் வாரக்கணக்கில் ஜெனரேட்டரை நம்பியிருந்தன. இத்தகைய காலங்களிலும் வடகிழக்குப் பருவமழையின் இடி மின்னலிலும் அடிபட்ட பாகம், உடனே சாகாமல் பின்னர் தடுமாறக்கூடும்.

எர்த் தனிக்கதை. எர்த் இணைக்காத எஸ்எம்பிஎஸ்ஸின் வெளிக்கூட்டில், உள்ளிருக்கும் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் வழியே மின்னழுத்தத்தில் ஏறத்தாழ பாதி தேங்கும். 'தொட்டா ஷாக் அடிக்குது' என்று சொல்லப்படுவது இதுதான். கரண்ட் மிகச் சிறிது. ஆனாலும் திரைக்கும் கணினிக்கும் இடையிலுள்ள கேபிள் வழியே அது பாயும்போது திரை கறுப்பதும் யூஎஸ்பி துண்டிப்பதும் நேரலாம். காவிரி வண்டல் ஈரமாக இருக்கையில் எர்த்துக்கு உகந்த மண். கோடையில் அது காய்ந்து வெடிக்கும்போது நிலைமை மாறும். பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறுமனே இருப்பதும் உண்டு.

பெட்டிக்குள் பார்ப்பவர்கள் இரண்டு நிகழ்வுகளைச் சுட்டுவார்கள். ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை, தவறான கரைசல் அடைத்த கெபாசிட்டர்கள் உலகெங்கும் மதர்போர்டுகளிலும் எஸ்எம்பிஎஸ்களிலும் வீங்கி வெடித்தன. அடுத்தது, 2020 முதல் வந்த கிராஃபிக்ஸ் கார்டுகள் கண நேரத்துக்குத் தம் சராசரியின் இரு மடங்குவரை மின்சாரம் இழுத்தது. எஸ்எம்பிஎஸ் அதை ஷார்ட் என்று எண்ணித் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்தது. இதன் விளைவாக 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0, பெரிய எஸ்எம்பிஎஸ்கள் 100 மைக்ரோவிநாடிக்கு 200 விழுக்காடு சுமை தாங்க வேண்டும் என்றது. லேபிளில் 600 வாட் என்றிருந்தும் ஆட்டத்தின் கனத்த காட்சியில் கணினி அணைவது இதனால் இருக்கலாம்.

இத்தரப்பின் மிகப் பெரிய தவறு வாசிப்பில் நேர்கிறது. விண்டோஸ் நிகழ்வுப் பதிவேட்டில் 'கெர்னல்-பவர் 41' என்ற வரியைக் கண்டதும் எஸ்எம்பிஎஸ் மேல் பழி போடப்படுகிறது. கணினி முறைப்படி மூடப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்வதில்லை.

வெப்பம், தூசி, ஈரம்

ஓடும் கணினியிலிருந்து வெப்பக்கடத்தியைக் கழற்றும் ஒரு காணொளி 2001இல் பரவலாகப் பேசப்பட்டது. அத்லான் கருகியது, பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. இன்றைய பிராசசர்கள் எல்லாமே இரண்டாவது வகை. சூடேறினால் முதலில் வேகம் குறையும், படம் தடுமாறும்; அணைவது கடைசியில்தான். எனவே சூட்டால் நிற்கிறது என்று சொல்லும் முன் வேகம் குறைந்ததா என்று பார்க்க வேண்டும். குறையாமலே நின்றால் பிராசசரை விட்டு கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தையும் மதர்போர்டின் மின்வழங்கிப் பகுதியையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பார்க்கலாம்.

10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்ற புகழ்பெற்ற விதி எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு நன்றாகவே பொருந்துகிறது. அதை எல்லா மின்னணுப் பாகங்களுக்கும் நீட்டுவதை மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெக்ட் போன்றோர் கடுமையாக எதிர்த்துள்ளனர். இன்டெல் 2007-08இல் நியூ மெக்சிகோவில் 450 சர்வர்களைக் குளிரூட்டாத வெளிக்காற்றில், தூசி படிய ஓட்டியது. அவற்றின் பழுது விகிதம் 4.46 விழுக்காடு, வழக்கமான மையத்தில் 3.83. வேறுபாடு அஞ்சியதைவிடச் சிறியது. ஆனால் நியூ மெக்சிகோ வறண்ட நிலம். அங்கே ஊதிப் போக்கக்கூடிய தூசி, ஐப்பசி, கார்த்திகையில் தஞ்சைப் பகுதியின் ஈரக்காற்றில் நீரை உறிஞ்சி மின்னைக் கடத்தும் படலமாக மாறக்கூடும். தை, மாசி அறுவடையின் வைக்கோல் தூசி படிந்து, அடுத்த பருவமழையில் அது ஈரமாவது ஒரு சுழற்சி. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடல் உப்பும் சேர்கிறது. அமெரிக்க வெப்ப, குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே, காற்று மாசும் ஈரமும் சேர்ந்து உலோக அரிப்பை உண்டாக்குவதைப் பற்றித் தரவு மையங்களுக்குத் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது.

எதை நம்பிக் கண்டுபிடிப்பது?

முறையிலும் மூன்று கட்சிகள். பாகத்தை மாற்றிப் பார்ப்பது முதலாவது. கடைக்கு எளிது, வாடிக்கையாளருக்குச் செலவு. புதிய எஸ்எம்பிஎஸ் போடும்போது எல்லாக் கேபிள்களும் கழன்று மீண்டும் இறுகச் செருகப்படுவதால் இங்கும் பலன் எதனுடையது என்பது மங்குகிறது. பதிவேட்டையும் முடக்கக் கோப்புகளையும் படிப்பது இரண்டாவது. நீலத்திரைக்கு உதவும், நொடியில் அணைவதற்கு உதவாது. சுமைச் சோதனை மூன்றாவது. பிராசசரை மட்டும் அல்லது கார்டை மட்டும் வாட்டும் நிரல், இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் ஆட்டத்தின் சுமையை முழுதாகப் பிரதிபலிப்பதில்லை.

மூன்றும் கவனிக்கத் தவறும் சான்று நேரமும் இடமும். 'கடையில நல்லா ஓடுது, வீட்டுக்கு வந்தா நிக்குது' என்ற முறையீட்டைக் கடைக்காரர்கள் குழப்பமாகவே பார்க்கிறார்கள். உண்மையில் அது மதிப்புமிக்க தகவல். பாகங்கள் அதே; மாறியவை மின்சாரம், எர்த், அறை வெப்பம், திரையின் கேபிள். அதுபோலக் கோளாறு மாலையில் மட்டும் வருகிறதா, மின்சாரம் மாறும் கணத்தில் வருகிறதா, மழைக்காலக் காலையில் முதல் பத்து நிமிடத்தில் வருகிறதா, அரை மணி ஆட்டத்துக்குப் பின் வருகிறதா என்பவை குறியெண்ணைவிடத் தெளிவாகப் பேசலாம்.

தீர்ந்தது என்று அறிவிக்க எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. சராசரியாக 3 நாளுக்கு ஒருமுறை தற்செயலாக நிற்கும் கணினி, எதையும் மாற்றாமலே 3 நாள் நிற்காமல் ஓட 100க்கு 37 வாய்ப்பு இருக்கிறது. 9 நாள் ஓட 5 வாய்ப்புதான். இரண்டு நாள் ஓடியதும் ஃபார்மட்டுக்கும் அழிரப்பருக்கும் கிடைத்த நற்பெயரில் ஒரு பங்கு இந்தத் தற்செயலின் கொடை.

மதிப்பீடு

ஐந்து தரப்புகளில் எதையும் ஒதுக்கிவிட முடியவில்லை; எதுவும் தனியாகப் போதவும் இல்லை. மென்பொருள் விடை ஆட்டம் மட்டும் மூடுவதற்கும் பலரை ஒருசேரத் தாக்கும் கோளாறுக்கும் பொருந்துகிறது. நினைவகமும் வேக எல்லையும் மாறி மாறி வரும் குறியெண்களுக்குப் பொருந்துகின்றன. மின்சாரம் நொடியில் அணைவதற்குப் பொருந்துகிறது. வெப்பமும் ஈரமும் தனிக் காரணமாக நிற்பதைவிட, மற்றவற்றுக்கு இருந்த சிறு இடைவெளியையும் தின்றுவிடும் துணைக் காரணமாக இருப்பதற்கே சான்றுகள் சாய்கின்றன. எக்ஸ்எம்பி வேகம், 38 டிகிரி அறை, கடைக்கோடி மின்கம்பி ஆகிய மூன்றும் தனித்தனியே தாங்கக்கூடியவையாக இருக்கலாம். மூன்றும் சேரும்போது தாங்காமல் போவதும் இயல்பே.

மூன்று கேள்விகள் திறந்தே இருக்கின்றன. ஈரமும் தூசியும் சேர்ந்த வீட்டுச் சூழலில் பழுது விகிதம் எவ்வளவு கூடுகிறது என்பது ஒன்று. பெரிய ஆய்வுகள் தரவு மையங்களையும் முடக்க அறிக்கைகளையும் சார்ந்திருப்பதால் இதற்கு விடை தருவதில்லை. மின்னல், மின் எகிறலில் பிழைத்த பாகம் பின்னாளில் தடுமாறுவதை எப்படி நிரூபிப்பது என்பது இரண்டாவது. வீட்டுக் கணினிக்கும் பிழை திருத்தும் ரேமைப் பொதுவாக்கினால் இந்தப் புதிர்களில் எத்தனை கரையும் என்பது மூன்றாவது.

அதுவரை நடைமுறைக்கு ஒரு வரிசை தகும். முதலில் பயாஸைப் புதுப்பித்து எக்ஸ்எம்பியை அணைக்க வேண்டும். அடுத்து எர்த்தையும் இன்வெர்ட்டர் நிலையையும் யூபிஎஸ் கொள்ளளவையும் ஓர் எலெக்ட்ரீசியனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். பிறகு ரேமையும் கேபிள்களையும் கழற்றிச் செருகி, தூசி போக்க வேண்டும். இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் பிறகு, கோளாறு வழக்கமாக வரும் இடைவெளியைப்போல மூன்று மடங்கு காலம் பொறுத்து, நின்ற நாள், நேரம், மின்சார நிலை மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். அந்தக் குறிப்பு கையில் இல்லாமல் புதிய பாகம் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். அதைக் கேட்காமல் பாகத்தை மாற்றச் சொல்லும் கடையில் பணம் கொடுக்கவும் அவசரப்படாதீர்கள்.